வேக்குவம் பையில் வெனீர்: காற்றுக்கு வழி, ஈரத்துக்கு இடம்

வெனீர் என்னும் மெல்லிய மரத்தாளைப் பலகைமேல் வைத்து, பைக்குள் போட்டு, பம்ப்பால் காற்றை உறிஞ்சி ஒட்டுவதுதான் வேக்குவம் முறை. இதில் இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது, எவ்வளவு பெரிய பம்ப் வேண்டும் என்றுதான். பம்ப்பால் கெட்டுப்போகும் வேலை குறைவு. பைக்குள் இருக்கும் காற்று வெளியேற வழி விடாததாலும், பசையில் உள்ள தண்ணீர் எங்கே போகும் என்று யோசிக்காததாலும் கெட்டுப்போவதுதான் அதிகம்.

பலகையை அழுத்துவது பம்ப் அல்ல, வெளியே இருக்கும் காற்று. வேக்குவத்தைப் பாதரச அங்குலத்தில் காட்டும் கேஜின் முள் 24-இல் நின்றால் ஒவ்வொரு சதுர செ.மீ. மீதும் சுமார் 0.83 கிலோ இறங்குகிறது. 60×90 செ.மீ. பலகை ஒன்றின் மீது மொத்தம் ஏறக்குறைய நாலரை டன். அதே பலகையைச் சுற்றி க்ளாம்ப் போட்டால் ஓரம் இறுகும், நடுப்பகுதி பசையோடு மிதக்கும். பையில் அந்தப் பேதம் இல்லை. இந்த முறையின் அருமையே அதுதான்.

முள் 30-ஐத் தொடவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். 21 முதல் 25 வரை தாராளம். 29-ஐத் தாண்டினால் அறை வெப்பத்திலேயே தண்ணீர் கொதிக்கத் தொடங்கிவிடும். நீர்ப்பசை நுரைத்து வெனீருக்கு அடியில் சின்னச் சின்னக் குமிழாக நிற்கும். ஏசி பழுதுபார்க்கப் பயன்படும் பம்ப்பைக் கொண்டுவந்தால் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். அது அந்த ஆழம் வரை இழுக்கக்கூடியது. வேக்குவம் சுவிட்ச் ஒன்றைப் பொருத்தி, 21-இல் ஓடத் தொடங்கி 24-இல் நிற்கும்படி வைத்தால் போதும். இடையில் ஒரு ஒருவழி வால்வும் சின்ன டாங்க்கும் இருந்தால் பம்ப் அடிக்கடி ஓடாது. மலைப்பகுதியில் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் சுமார் ஓர் அங்குலம் குறையும். 1500 மீட்டர் உயரத்தில் 24 கிடைத்தால் பம்ப்பில் குறையே இல்லை.

இனி காற்றின் வழி. பைக்குள் கீழே கிடக்கும் பலகைக்கு மெலமைன் ஒட்டிய 18 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) நல்லது, பசை ஒட்டாது. அதில் 3 மி.மீ. அகலம், 3 மி.மீ. ஆழத்தில் குறுக்கும் நெடுக்குமாக 10 முதல் 15 செ.மீ. இடைவெளி விட்டு ரூட்டரால் (மரத்தில் பள்ளம் குடையும் மின்கருவி) கோடு இழுக்க வேண்டும். பையின் குழாய் முனை இந்தக் கோடுகள் சந்திக்கும் ஓர் இடத்தில் உட்கார வேண்டும். கோடு இல்லாவிட்டால் குழாய்க்குப் பக்கத்தில் பை முதலில் ஒட்டிக்கொண்டு வழியை அடைத்துவிடும். கேஜ் 24 காட்டும். பலகையின் மறுகோடியிலோ காற்று அப்படியே சிக்கிக் கிடக்கும். இந்தக் கீழ்ப்பலகையின் நான்கு மூலையையும் ஓரங்களையும் உருட்டி உப்புத்தாள் போட்டுவிடுங்கள். பை கிழிவது பெரும்பாலும் அங்கேதான், இல்லையென்றால் போன தடவை வழிந்து காய்ந்த பசைத் துணுக்கில்.

மேலே வைக்கும் அழுத்துப்பலகையின் அளவில் பலர் தவறுகிறார்கள். அது வேலைப்பலகையின், அதாவது வெனீர் ஒட்டப்படும் பலகையின், அளவே இருக்கட்டும். மிஞ்சினால் சுற்றிலும் ஓரிரு மி.மீ. கூடுதல். 6 மி.மீ. பலகையை இரண்டு அங்குலம் வெளியே நீட்டி வைத்தால், பை அந்த நீட்டலைக் கீழே இழுத்து வளைக்கும். ஓரம் நசுங்கும், நடுவில் அழுத்தம் குறையும். வெனீருக்கும் அழுத்துப்பலகைக்கும் நடுவே ஒரு பாலிதீன் தாள் கட்டாயம்.

பசை தடவும் முன் எல்லாவற்றையும் உள்ளே வைத்து ஒரு வெள்ளோட்டம் பாருங்கள். 24 வந்ததும் பம்ப்பை நிறுத்துங்கள். ஐந்து நிமிடத்தில் முள் ஓர் அங்குலத்துக்கு மேல் இறங்கினால் கசிவு இருக்கிறது. பையின் வாயை மூடும் கிளிப் ஓரமாகக் காதை வைத்தால் மெல்லிய சீற்றம் கேட்கும். பெரும்பாலும் அந்த இடத்தில் பை ஒரு சுருக்கம் மடிந்திருக்கும்.

பசையை வேலைப்பலகையில் மட்டும் தடவுங்கள். அரை மி.மீ. வெனீரில் ஈரம் பட்டால் கணத்தில் சுருண்டுவிடும். சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிராம் போதும். ரோலர் இழுத்தபின் மரம் தெரியாமல், குட்டையாகத் தேங்காமல் ஒரே சீராக ஈரம் பளபளக்க வேண்டும். அதிகமானால் துளை பெருத்த மரங்களில் பசை மேலே ஊறிவரும். பாலிஷ் போடும்போது அந்த இடம் நிறம் பிடிக்காது.

வெள்ளைப் பசை சீக்கிரம் பிடிக்கும், ஆனால் காய்ந்த பிறகும் கொஞ்சம் நெகிழும். துண்டு துண்டாக இணைத்த வெனீரில் நாளடைவில் இணைப்புகள் விலகித் தெரியும். அப்படிப்பட்ட வேலைக்கு யூரியா ஃபார்மால்டிஹைடு பவுடர் பசைதான் என் தேர்வு. கல்லாக இறுகும், நகராது. 20 டிகிரிக்குக் குறைந்த குளிரில் அதை நம்பக்கூடாது. கலக்கும்போது முகமூடி போடுங்கள். கலந்ததில் ஒரு சொட்டை மரத்துண்டில் வைத்து, அந்தத் துண்டைப் பையின் மேலேயே வையுங்கள். நகத்தால் அழுத்தினால் கண்ணாடி போல நொறுங்கும்வரை பையைத் திறக்க வேண்டாம். சாதாரணமாக ஆறிலிருந்து எட்டு மணி நேரம். வெள்ளைப் பசைக்கு ஒன்றிரண்டு மணி நேரமே போதும்.

பைக்குள் எதுவும் காயாது என்பதை மறந்துவிடக் கூடாது. தண்ணீர் போக இடம் வேலைப்பலகை மட்டும்தான். எடுத்தவுடன் பலகையை மேசையில் படுக்க வைத்தால் மேல்பக்கம் மட்டும் காய்ந்து வளையும். இரண்டு பக்கமும் காற்றுப்படும்படி சட்டங்கள் மேல் ஒரு நாள் வைக்க வேண்டும். முன்பக்கம் வெனீர் ஒட்டினால் பின்பக்கமும் ஒட்டியே ஆகவேண்டும். இல்லாவிட்டால் வெனீர் காய்ந்து சுருங்கும்போது பலகையை அந்தப் பக்கமாகக் கிண்ணம் போல் குழித்துவிடும்.

எடுத்தபின் விரல் நகத்தால் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் மாறும் இடம் ஒட்டவில்லை. வெள்ளைப் பசையானால் சூடான இஸ்திரிப் பெட்டியை மேலே காகிதம் வைத்து அழுத்தி, ஆறும்வரை மரக்கட்டையால் பிடித்தால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். யூரியா பசைக்கு அது பலிக்காது. ரேகை வாக்கில் கத்தியால் கீறி, ஊசியால் புதுப் பசை செலுத்த வேண்டும்.

இதே பம்ப்பை ரூட்டர் வேலைக்குப் பிடிமானமாகவும் வைக்கலாம். ஒரு பலகையில் காற்று ஊடுருவாத (closed-cell) ஃபோம் டேப்பை வளையமாக ஒட்டி, நடுவே பம்ப் குழாய்க்கு ஒரு துளை போட்டு, வெட்டவேண்டிய மரத்தை அதன் மேல் வைக்க வேண்டும். 15×15 செ.மீ. வளையம் கீழ்நோக்கி 180 கிலோவுக்கு மேல் பிடிக்கும். ஆனால் ரூட்டர் தள்ளுவது பக்கவாட்டில். அதைத் தாங்குவது உராய்வு மட்டுமே. ஆகவே சின்ன வளையத்தை நம்பி ஆழமாக வெட்டாதீர்கள். எம்.டி.எஃப். முகமும் வெட்டு ஓரமும் காற்றை விடும். ஷெல்லாக் (அரக்கு வார்னிஷ்) இரண்டு கோட் அடித்தால் அடங்கும். ரெட் ஓக் போன்ற மரத்தில் காற்று துளை வழியே முனையிலிருந்து ஓடிவரும். ரூட்டரை ஓடவிடும் முன் கேஜைப் பார்த்து, முள் 20-க்குக் கீழே இருந்தால் க்ளாம்ப்பையே போட்டுவிடுங்கள்.