இட்லிக்கு இலை உண்டு, சாம்பாருக்கு?

ஜூலை 19, 2025

திருச்சி காந்தி மார்க்கெட்டில் எங்கள் இட்லிக் கடைக்கு வாழை இலைக்கட்டு விலையைக் கேட்டதும் திரும்பிவிடலாமா என்றிருந்தது. ஆடியில் கல்யாணம் கிடையாது, இலை மலிந்து கிடக்க வேண்டும். காற்று விட்டால்தானே! தொட்டியம், லால்குடி பக்கத்திலிருந்து வந்த கட்டுகளைப் பிரித்தால் பாதி இலை சீப்பால் வாரியதுபோல் கிழிந்திருக்கிறது. உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்கு எவர்சில்வர் தட்டின் மேல் போட்டுச் சமாளிக்கலாம். பார்சலுக்கு ஆகவே ஆகாது. "வேணுமா வேண்டாமா, சொல்லுங்க அக்கா" என்றான் இலைக்காரத் தம்பி. வேண்டாமல் எங்கே போவது?

ஜூலை 22

பக்கத்து டீக்கடைக்கு பிளாஸ்டிக் தடை ஆய்வுக்கு அதிகாரிகள் வந்தார்கள். மேசைக்கு அடியில் இருந்த காகிதக் கோப்பைகளையும், டீ கட்டிக் கொடுக்கும் கவர்களையும் சாக்கில் அள்ளிக்கொண்டு அபராத ரசீதைக் கிழித்துக் கொடுத்தார்கள். "காகிதம்தானே சார், இதில் பிளாஸ்டிக் எங்கே இருக்கிறது?" என்று கடைக்கார அண்ணன் மன்றாடிப் பார்த்தார். அந்தக் கோப்பையைக் கிழித்து உள்பக்கத்தை நகத்தால் சுரண்டினால் மெல்லிய தோல் உரிந்து வரும். சூடான டீ ஊறாமல் நிற்பது அந்தத் தோலால்தான். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கைத் தடை செய்து தமிழக அரசு 2018 ஜூனில் போட்ட அரசாணையிலேயே பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பைக்கும் தடை உண்டு. கோப்பை தயாரிப்பாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2023 அக்டோபரில் தடை செல்லும் என்று தீர்ப்பாகிவிட்டது. நெய்யாத துணிப்பைகளைப் பற்றி மட்டும் மறுபடி பரிசீலிக்கச் சொன்னார்கள்.

இது டீக்கடைக்காரருக்குத் தெரியாதது அவர் குற்றம் என்று எனக்குத் தோன்றவில்லை. கண்ணாடி டம்ளரைக் கொரோனாவுக்குப் பிறகு அருவருப்பாகப் பார்க்கிறவர்கள் அவருடைய வாடிக்கையாளர்கள்தான். அவர்களிடம் யாரும் ரசீது புத்தகத்தை நீட்டுவதில்லை.

ஜூலை 25

மதியம் கூட்டம் குறைந்த பிறகு, தடைப் பட்டியலை உரக்கப் படிக்கும்படி கணவரிடம் சொன்னேன். மொத்தம் 14 பொருள்கள், 2019 ஜனவரி 1 முதல் நடைமுறை. உணவு மடிக்கும் தாள், சாப்பாட்டு மேசை விரிப்பு, தெர்மாகோல் தட்டு, தண்ணீர் பாக்கெட், உறிஞ்சுகுழல், எந்தத் தடிமனாக இருந்தாலும் கைப்பை. மத்திய அரசின் விதிப்படி 120 மைக்ரான் தடிமனுக்குக் குறையாத பை செல்லும், நம் மாநிலத்தில் அதுவும் செல்லாது.

தடை கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். மழைக்காலத்தில் பிளாஸ்டிக் அடைத்துக் கிடக்கும் உய்யக்கொண்டான் வாய்க்காலை ஒருமுறை எட்டிப் பார்த்தால் யாரும் சொல்ல மாட்டார்கள். என் எரிச்சல் வேறு. விடிகாலையில் அடுப்படியில் நான் கத்தரிக்கும் பால் பாக்கெட்டுக்கு விலக்கு, எண்ணெய் பாக்கெட்டுக்கு விலக்கு. ஆலையிலேயே அடைத்து வரும் உறைகளுக்கு இருந்த விலக்கை 2020 ஜூனில் நீக்கினார்கள். ஆனாலும் பெட்டிக்கடைக் கம்பிகளில் சிப்ஸ் சரம் சரமாகத்தான் தொங்குகிறது. பிளாஸ்டிக்கிலேயே எல்லாச் சரக்கும் என் வாசல் வரை வந்துவிடுகிறது. என் கடையிலிருந்து வெளியே போகும் சாம்பாருக்குத்தான் சட்டம் விழித்துக்கொள்கிறது.

ஜூலை 28

மாமியார் இன்று கல்லாவை விட்டு எழுந்து வந்து, புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு இலை மடிக்கச் சொல்லிக் கொடுத்தார். முதலில் தணலில் வாட்ட வேண்டும். பச்சை இலையை அப்படியே மடித்தால் நரம்போடு விண்டுவிடும். அனலில் காட்டியதும் இலையின் நிறம் கறுத்து, மேலே எண்ணெய் தடவியதுபோல் மினுமினுப்பு வரும். அந்த நேரம் எடுத்துவிட வேண்டும், தாமதித்தால் கருகிப் பொரியும். பிறகு நடுநரம்பைக் கத்தியால் சீவி, இரண்டு இலைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, இட்லியை அடுக்கி, மடித்து, வாழை நாரால் ஒரு கட்டு. கெட்டிச் சட்னியைக் கூட இலைத்துண்டில் பொட்டலமாக்கி உள்ளே செருகிவிடுகிறார். சாம்பாரிடம் அவருடைய வித்தையும் பலிக்கவில்லை.

மேலே செய்தித்தாள் சுற்றலாமே என்றாள் அந்தப் பெண். அச்சு மை உணவில் ஏறும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதற்கும் தடை போட்டிருக்கிறது. வெள்ளிக் கவர்? பளபளப்பைப் பார்த்து அது வெறும் அலுமினியம் என்று நம்புகிறோம், உள்ளே பிளாஸ்டிக் படலம்தான்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. காவிரிக்கரை அம்மா மண்டபத்துக்குப் போகிறவர்கள் முதல் நாளே சொல்லி வைத்திருந்தார்கள். புளியோதரை, எலுமிச்சை, தேங்காய், தயிர்சாதம். எல்லாம் இலையிலும் பாக்குமட்டைத் தட்டிலும் போயிற்று, ஒருவரும் கவர் கேட்கவில்லை. நல்ல நாளில் மட்டும் ஜனங்களுக்கு எங்கிருந்தோ மஞ்சப்பை கிடைத்துவிடுகிறது.

ஆகஸ்ட் 9

உறவினர் வீட்டில் பெரிய ஓட்டல் ஒன்றிலிருந்து சாப்பாடு வரவழைத்திருந்தார்கள். சாம்பார், ரசம், கூட்டு ஒவ்வொன்றும் தனித்தனிக் கறுப்பு டப்பாவில். தடித்த பிளாஸ்டிக். கழுவி மறுபடி பயன்படுத்தலாம் என்பது கணக்கு. அந்த 14 பொருள்களில் இது இல்லை. சாப்பிட்டு முடித்ததும் அத்தனையும் குப்பைக் கூடைக்குள் போயின. அங்கே பில்லில் பார்சல் கட்டணம் என்று தனி வரி உண்டு, யாரும் முணுமுணுக்கவில்லை. நான் சாம்பார் டப்பாவுக்கு 5 ரூபாய் கேட்டால், "இட்லி விலையே அவ்வளவு இல்லையே அக்கா" என்பார் ஆட்டோக்காரர். அவர் சொல்வதும் நியாயம்தான்.

அபராதத்தில் ஏற்றத்தாழ்வு பார்த்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. 2019 பட்டியலில் சிறுவணிகருக்கு முதல் தடவை 100 ரூபாய், பெரிய கடைக்கு 10,000. ஆனால் கவரை விட்டு வெளியே வரும் செலவு இருக்கிறதே, அது இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

ஆகஸ்ட் 13

தூக்குவாளி வாங்கி வைத்து, முன்பணம் பெற்றுக்கொண்டு கொடுத்துப் பார்க்கிறோம். மருத்துவமனைக்கு வாங்கிப் போகிறவர்கள் ஒழுங்காகத் திருப்பித் தருகிறார்கள். விடுதிப் பிள்ளைகளிடம் போனது பெரும்பாலும் போனதுதான். முன்பணத்தை விட வாளி விலை அதிகம் என்பதால் பையன்களுக்கு லாபம்.

ஆகஸ்ட் 16

நாளை ஆவணி பிறக்கிறது, முகூர்த்தம் தொடங்கினால் இலை விலை இன்னும் ஏறும். இரவு கணக்குப் பார்த்து, பலகையில் எழுதித் தொங்கவிட்டோம்: பாத்திரம் கொண்டு வந்தால் சாம்பார் வேண்டிய அளவு. இல்லையென்றால் பொடியும் கெட்டிச் சட்னியும் மட்டும். கணவருக்கு இது பிடிக்கவில்லை. பாதிப் பேர் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள் என்கிறார். எதிர்க்கடையில் இன்னமும் கவரில்தான் ஊற்றுகிறார்கள்.