முதல் வேலை தேடும் முன் உங்கள் நேரத்தைத் தாளில் எழுதுங்கள்

பதினாறு, பதினேழு வயதில் வேலை கேட்டுப் போகிறவர்களுக்கு இருக்கும் பெரிய பயம், 'எனக்கு அனுபவமே இல்லையே' என்பதுதான். ஆள் எடுப்பவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இந்த வயதில் யாரும் அனுபவத்தை எதிர்பார்ப்பதில்லை. அவர் மனதில் ஓடுவது வேறு. எந்தெந்த நாள் வருவாய்? சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பாயா? பரீட்சை வந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவாயா?

அதனால் பயோடேட்டா எழுதும் முன் ஒரு தாளை எடுத்து ஏழு நாளையும் கட்டம் போடுங்கள். பள்ளி, டியூஷன், போய்வரும் நேரம், தூக்கம் எல்லாவற்றையும் முதலில் அடைத்துவிடுங்கள். மிச்சம் இருப்பதில் பாதிக்கு மேல் வேலைக்குக் கொடுக்க வேண்டாம். படிக்கிற பிள்ளைக்கு வாரம் 10, 12 மணி நேரம் போதும். கடைசியில் கையில் இருக்க வேண்டியது இப்படி ஒரு வரி: 'செவ்வாய், வியாழன் மாலை 5 முதல் 8 வரை, சனி காலை 9 முதல் மதியம் 2 வரை, பரீட்சைக்கு முந்தைய இரண்டு வாரம் வர இயலாது.' மொத்தம் 11 மணி நேரம். 'எப்ப வேணாலும் வர்றேன் சார்' என்பதுதான் இருப்பதிலேயே மோசமான பதில். ஷிஃப்ட் போடுகிறவர் காலியாக இருக்கும் இடத்துக்கு ஆள் தேடுகிறார். அந்தப் பதிலை வைத்து அவரால் எதையும் நிரப்ப முடியாது. பள்ளி மாணவர் சொன்னால் அவர் நம்பவும் மாட்டார்.

வயது விஷயத்தையும் இப்போதே பார்த்துவிடுங்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1973ஆம் ஆண்டு உடன்படிக்கை (எண் 138) வேலைக்குச் சேரக் குறைந்தபட்ச வயதை பொதுவாக 15 என்று வைக்கிறது. படிப்பைக் கெடுக்காத இலகுவான வேலைகளை 13 வயதிலிருந்து அனுமதிக்கலாம். ஆபத்தான வேலை என்றால் 18. இது அடிப்படை மட்டுமே. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், இரவு எத்தனை மணி வரை, பெற்றோர் ஒப்புதல் கடிதம் வேண்டுமா என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். தொழிலாளர் துறையின் இணையதளத்தில் தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள். 'யாராவது கேட்டால் 18 என்று சொல்' என்கிற இடத்தில் சேரவே வேண்டாம். அங்கே உங்களுக்கு அடிபட்டால், 'இவன் என் ஆளே இல்லை' என்று சொல்லவும் தயங்க மாட்டார்கள்.

சின்ன இடங்களில் பல வேலைகள் விளம்பரத்துக்கே வருவதில்லை. உங்களைத் தெரிந்த பெரியவர்கள் இருபது பேரின் பெயரை எழுதுங்கள்: ஆசிரியர், பயிற்சியாளர், பக்கத்து வீட்டுக்காரர், நண்பர்களின் பெற்றோர். அவர்களிடம் 'ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க' என்று பொதுவாகக் கேட்டால் மறந்துவிடுவார்கள். 'உங்களுக்குத் தெரிஞ்ச யாராவது சனிக்கிழமை காலையில பொருள் அடுக்க, பில் போட ஆள் தேடுறாங்களா?' என்று கேட்டால், சட்டென்று ஒரு முகம் அவர்கள் நினைவுக்கு வரும். விடுமுறைக்கால வேலை என்றால் நான்கைந்து வாரம் முன்பே கேட்க வேண்டும். விடுமுறை விட்ட பிறகு கேட்டால் ஆள் எடுத்து முடித்திருப்பார்கள்.

நேரில் போகும்போது கூட்ட நேரத்தைத் தவிருங்கள். உணவகம் என்றால் மதியக் கூட்டம் கலைந்த பிறகு, 3 மணி வாக்கில். தனியாகப் போங்கள், பக்கத்தில் அம்மாவோ நண்பர்களோ நின்றால், தனியாக வேலை செய்யத் தெரியுமா என்ற சந்தேகம் வரும். 'ஆள் எடுக்கறதைப் பற்றி யார்கிட்ட பேசலாம்?' என்று கேளுங்கள். அவர் இல்லையென்றால் பெயரையும் வரும் நேரத்தையும் கேட்டுக்கொண்டு திரும்பி வாருங்கள். கல்லாவில் கொடுத்துவிட்டு வரும் தாள் பில்களோடு பில்லாகப் போய்விடும். பேசி ஐந்தாறு நாள் கழித்து ஒருமுறை விசாரியுங்கள். அடுத்த வாரம் இன்னொருமுறை. அதற்கு மேல் வேண்டாம்.

பயோடேட்டா ஒரே பக்கம். பெயர், போன் நம்பர், வகுப்பு, அதற்குக் கீழேயே அந்த நேர வரி. 'பொறுப்பானவன், கடின உழைப்பாளி' என்று எல்லோரும் எழுதுகிறார்கள். 'பள்ளி விழாவில் மூன்று நாள் டிக்கெட் மேசையில் பணம் வாங்கி, கணக்கு ஒப்படைத்தேன்' என்ற ஒரு வரி அதைவிடப் பல மடங்கு பேசும். உங்களைப் பற்றி விசாரிக்க உறவினர் அல்லாத ஒருவரின் பெயரைக் கொடுங்கள், அவரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிட்டு. அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எண் இதில் வரவே கூடாது. இன்னொன்று: தாள் கொடுத்த பிறகு, தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தால் எடுங்கள். எடுக்காததால் மட்டுமே கைநழுவும் வேலைகள் உண்டு.

மோசடிகளைத் தெரிந்துகொள்வது ரொம்ப முக்கியம், ஏனென்றால் குறி வைக்கப்படுவது இந்த வயதினர்தான். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று எந்தப் பெயரில் முன்பணம் கேட்டாலும் விலகிவிடுங்கள். வீடியோவுக்கு லைக் போட்டால் காசு என்பார்கள். முதலில் சின்னத் தொகை வரும், பிறகு 'டெபாசிட் கட்டு' என்பார்கள். எல்லாவற்றையும்விட ஆபத்தானது, 'உன் அக்கவுன்ட்டுக்குப் பணம் வரும், கமிஷனை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அனுப்பு' என்பது. அது பெரும்பாலும் திருட்டுப் பணம். போலீஸ் முதலில் தேடி வருவது கணக்குக்கு உரியவரைத்தான். அசல் சான்றிதழை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள், நகல் போதும்.

வேலை கிடைத்துவிட்டால், சேரும் முன் சிலவற்றைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். மணிக்கு எவ்வளவு, எந்தத் தேதியில் சம்பளம், பழகும் நாட்களுக்குச் சம்பளம் உண்டா, பொருள் உடைந்தால் பிடித்தம் செய்வார்களா? கேட்டதை அன்றே ஒரு மெசேஜாக அனுப்பிவிடுங்கள்: 'இன்று பேசியபடி திங்கள் மாலை 5 மணிக்கு வருகிறேன், சம்பளம் மணிக்கு இவ்வளவு, மாதக் கடைசியில் என்று புரிந்துகொண்டேன். சரிதானே சார்?' அவர் 'சரி' என்று பதில் போட்டால் அதுவே எழுத்து ஆதாரம். கல்லாவில் உட்கார வைத்தால், உட்காரும் முன்பும் எழும் முன்பும் இன்னொருவர் முன்னிலையில் பணத்தை எண்ணித் தொகையை எழுதி வையுங்கள். எண்ணாமல் உட்கார்ந்தால், முந்தைய ஷிஃப்ட்டில் குறைந்த பணத்துக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.