இலைச்சாறும் வெள்ளித் துகளும்

நிறமில்லாத சில்வர் நைட்ரேட் (ஒரு வெள்ளி உப்பு) கரைசலில் வேப்பிலைச் சாற்றைச் சேர்த்தால், மெல்ல மெல்லப் பழுப்பாகும். சாற்றிலுள்ள பாலிஃபீனால்கள் என்ற தாவரச் சேர்மங்கள் வெள்ளி அயனிகளுக்கு எலக்ட்ரான் கொடுத்து உலோகத் துகள்களாக்குகின்றன. அப்புறம் அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாதபடி மேலே போர்வையாகவும் படிகின்றன. துகளின் அளவு 1 முதல் 100 நானோமீட்டர் (மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்); அதனால் இதன் பெயர் நானோ வெள்ளி. சோடியம் போரோஹைட்ரைடு மாதிரி கடுமையான வேதிப்பொருள் வேண்டாம் என்பதுதான் பெரிய லாபம்.

துகளிலிருந்து கசியும் வெள்ளி அயனி பாக்டீரியாவின் செல் சவ்வைச் சிதைக்கும். அதனால்தான் காயக்கட்டுகளில் நானோ வெள்ளி. இதைக் கொண்டு சாயக் கழிவுநீரில் நிறம் நீக்குவதெல்லாம் பெரும்பாலும் இன்னும் ஆய்வக அளவில்தான்.

சரி, இப்படி இலைச்சாற்றால் செய்யும் 'பசுமை முறை' என்றாலே ஆபத்தில்லை என்று சிலர் நம்புவதுதான் எனக்கு உறுத்துகிறது. இலையால் செய்தாலும் வெள்ளி வெள்ளிதான். நீர்நிலையில் கலந்தால் பாசிக்கும் சிற்றுயிர்களுக்கும் நஞ்சு. கூழ்ம வெள்ளியை (நுண்ணிய வெள்ளித் துகள்கள் மிதக்கும் நீர்மம்) மருந்தென்று தொடர்ந்து குடித்தால் தோல் நிரந்தரமாக நீலச்சாம்பல் நிறமாகிவிடலாம்!