டோர்ட்முண்டில் ஓட்டு எண்ணிய ஞாயிற்றுக்கிழமை

ஜெர்மன் குடியுரிமை கிடைத்ததும் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தேன், எல்லாரும் செய்வதுதான். அப்புறம் நகராட்சியின் தேர்தல் பிரிவுக்கும் ஒரு படிவம் அனுப்பினேன். 2022 மே 15 அன்று நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலச் சட்டமன்றத் தேர்தல். வாக்குச்சாவடி வேலைக்கு வர விருப்பம் என்று எழுதியிருந்தேன். நம் ஊரில் தேர்தல் வேலை என்றால் ஆசிரியர்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும் வரும் உத்தரவு, விலக்கு வாங்க அலைவார்கள். இங்கே ஓட்டுரிமை உள்ள யாரும் போகலாம். ஆள் போதாவிட்டால் நகராட்சியே உங்களை நியமித்துக் கடிதம் அனுப்பிவிடும், தக்க காரணம் இல்லாமல் தட்டிக்கழிக்க முடியாது. சம்பளம் கிடையாது. சிற்றுண்டிப் பணம் என்று ஒரு சிறு தொகை தருவார்கள்.

எனக்கு விழுந்தது டோர்ட்முண்டில் ஒரு தொடக்கப் பள்ளி. ஒரு காலத்தில் நிலக்கரியும் எஃகும் பீரும்தான் இந்த ஊர். தலைமுறை தலைமுறையாக எஸ்பிடி என்ற சமூக ஜனநாயகக் கட்சியின் கோட்டை. சுரங்கங்கள் மூடிவிட்டன, எஃகு ஆலைகளும் போய்விட்டன. கோட்டை மட்டும் அப்போது சுவர் உதிர்ந்தபடி நின்றது.

காலை எட்டு மணிக்கு வாக்குப்பதிவு, நாங்கள் அதற்கு முன்பே வந்துவிட வேண்டும். குழுவின் தலைவி ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை. நடுநிலையோடு நடப்போம், வேலையில் தெரியவருவதை வெளியே சொல்ல மாட்டோம் என்று எங்களிடம் உறுதி வாங்கினார். பெட்டியைத் திறந்து காலி என்று எல்லாருக்கும் காட்டிவிட்டுப் பூட்டினார். நம் ஊர் பூத்தில் இருக்கும் பலதும் இங்கே இல்லை. விரலில் மை இல்லை, இயந்திரம் இல்லை, சின்னம் இல்லை. வாசலில் போலீஸ்காரர்கூட இல்லை. வீட்டுக்குத் தபாலில் வந்த அறிவிப்பு அட்டையை நீட்டினால் போதும், சந்தேகம் வந்தால்தான் அடையாள அட்டை கேட்போம். வாக்குச்சீட்டின் வலது மேல் மூலை வெட்டப்பட்டிருக்கும். பார்வையற்றவர்கள் துளைகளுள்ள அட்டைச் சட்டத்துக்குள் சீட்டை எந்தப் பக்கமாகச் செருகுவது என்று தடவிப் பார்த்தே தெரிந்துகொள்ள அது உதவும். எனக்கு மிகவும் பிடித்துப்போன ஏற்பாடு இது.

ஒரே சீட்டில் இரண்டு ஓட்டு. முதல் ஓட்டு தொகுதி வேட்பாளருக்கு, யாருக்கு அதிகமோ அவர் ஜெயிப்பார், நம் ஊர் மாதிரிதான். இரண்டாம் ஓட்டு கட்சிப் பட்டியலுக்கு. சட்டமன்றத்தில் எந்தக் கட்சிக்கு எத்தனை இடம் என்பதை முடிவு செய்வது இதுதான். 5 சதவீதம் தொடாத கட்சிக்குப் பட்டியலிலிருந்து இடமில்லை. கட்சிகள் முப்பதுக்குப் பக்கம் என்பதால் சீட்டு கல்யாண வீட்டு மளிகைப் பட்டியல் போல நீண்டு கிடந்தது. மடித்துப் பெட்டிக்குள் தள்ளவே சிலர் திணறினார்கள்.

காலையில் வந்தவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். ஒருவர் பெயருக்கு எதிரே பட்டியலில் W என்ற எழுத்து இருந்தது. தபால் ஓட்டுக்கு விண்ணப்பித்தவர் என்று பொருள். அவர் உறைகளை அனுப்பாமல் மறந்துவிட்டு நேரில் வந்து நின்றார். அந்தத் தபால் கட்டில் உள்ள வாக்குச் சான்று இல்லாமல் சீட்டுத் தர முடியாது. "ஐம்பது வருஷமாக இதே பள்ளியில் ஓட்டுப் போடுகிறேன்" என்று கோபப்பட்டார். தலைவி அவர் பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்து, "சான்றை எடுத்து வாருங்கள், ஆறு மணி வரை நாங்கள் எங்கேயும் போக மாட்டோம்" என்றார். எடுத்து வந்தார்.

இன்னொருவர் மகளுக்குத் துணையாக வந்த துருக்கியப் பெரியவர், சுரங்கத்தில் வேலை பார்த்தவர். மகளுக்குக் குடியுரிமை உண்டு, அவருக்கு இல்லை. உள்ளாட்சித் தேர்தலில் இத்தாலியர், போலந்துக்காரர் போன்ற ஐரோப்பிய ஒன்றியத்து மக்களுக்கு ஓட்டு உண்டு. மாநிலத் தேர்தலில் அவர்களுக்கும் இல்லை, இவருக்கோ இரண்டிலும் இல்லை. "எண்ணும்போது யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்" என்று தலைவி சொன்னதும் சிரித்துவிட்டார். "எண்ணுவதைப் பார்த்து நான் என்ன செய்ய?"

மதியத்துக்கு மேல் அறை காற்றாடியது. நல்ல வெயில், மக்கள் பூங்காவுக்குப் போய்விட்டார்கள் என்று சக ஊழியர் ஒருவர் சொன்னார். நான் நம்பவில்லை. இதே வெயில் வசதியான பகுதிகளிலும்தானே அடித்தது? மாநிலம் முழுக்க 55.5 சதவீதம்தான் பதிவானது. இந்த மாநிலச் சட்டமன்றத் தேர்தல்களிலேயே மிகக் குறைவு, 2017இல் 65.2. டூயிஸ்பர்க்கின் ஒரு தொகுதியில் 40 சதவீதம்கூடத் தேறவில்லை. வேலை போன, வாடகை குறைந்த தெருக்களில்தான் ஆட்கள் வீட்டை விட்டு வரவில்லை.

சரியாக ஆறு மணிக்குத் தலைவி நேரம் முடிந்ததாக அறிவித்தார். அதே நிமிடம் ஒருவரின் கைபேசியில் தொலைக்காட்சிக் கணிப்பு வந்துவிட்டது: சிடியு என்ற கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி தெளிவாக முன்னிலை. தேர்ந்தெடுத்த சில சாவடிகளின் வாசலில் ஓட்டுப் போட்டு வந்தவர்களிடம் கேட்டுத் தொகுத்தது அது. நாங்கள் இன்னும் பெட்டியையே திறக்கவில்லை.

முதலில் பயன்படுத்தாத சீட்டுகளை மேஜையிலிருந்து அகற்றினோம். அப்புறம் பெட்டியைக் கவிழ்த்து, ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து மொத்தத்தை எண்ணினோம். பட்டியலில் நாங்கள் போட்ட குறிகளோடும் வாக்குச் சான்றுகளோடும் அது ஒத்துப்போக வேண்டும். ஒரு சீட்டு குறைந்தது. மறுபடி எண்ணினோம், அதே ஒன்று. அறையில் பேச்சு நின்றுவிட்டது. ஒருவர் பெட்டிக்குள் கைவிட்டுத் துழாவினார், இன்னொருவர் குறிகளைப் பக்கம் பக்கமாகச் சரிபார்த்தார். தலைவி மட்டும் பதறாமல், "எல்லாச் சீட்டையும் முழுதாக விரியுங்கள், பாதி மடிப்பில் எதுவும் இருக்கக் கூடாது" என்றார். கணவன் மனைவியாகத்தான் இருக்க வேண்டும், ஒருவர் சீட்டுக்குள் இன்னொருவர் சீட்டை வைத்து ஒன்றாக மடித்துப் போட்டிருந்தார்கள்.

பிறகு பிரிப்பது. இரண்டு ஓட்டும் ஒரே கட்சிக்கு விழுந்தவை ஒரு பக்கம், வெவ்வேறு கட்சிக்குப் போனவை ஒரு பக்கம், வெற்றுச் சீட்டுகள் தனியே, சந்தேகத்துக்குரியவை தனியே. இரண்டாவது கட்டுதான் முதுகை ஒடிக்கும். முதலில் இரண்டாம் ஓட்டின்படி பிரித்து எண்ணி, எல்லாவற்றையும் கலைத்து, முதல் ஓட்டின்படி மறுபடி பிரிக்க வேண்டும். ஆனால் சுவாரஸ்யமும் அதில்தான். வேட்பாளருக்கு எஸ்பிடி, பட்டியலுக்குப் பசுமைக் கட்சி என்று குத்திய சீட்டுகள் அடுத்தடுத்து வந்துகொண்டே இருந்தன.

சந்தேகச் சீட்டுகளைக் குழு முழுதும் பார்த்துக் கைதூக்கி முடிவு செய்யும். ஒருவர் இரண்டு கட்சிக்குக் குறியிட்டு, ஒன்றை அழுத்தி அடித்துவிட்டு மற்றதன் பக்கத்தில் 'இது செல்லும்' என்று எழுதியிருந்தார். எண்ணம் தெளிவு, ஏற்றுக்கொண்டோம். இன்னொருவர் எந்த வட்டத்தையும் தொடாமல் தலைப்பில் கட்சிகள் அத்தனையையும் திட்டித் தீர்த்திருந்தார். செல்லாது. அதைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி எண் போட்டார் தலைவி. இவ்வளவு தூரம் வந்து திட்டிவிட்டுப் போயிருக்கிறாரே, வீட்டில் இருந்தவர்களைவிட இவர் மேல் என்று எனக்குத் தோன்றியது.

முடிவை நகராட்சிக்குத் தொலைபேசியில் சொல்லி, அறிக்கையில் எல்லாரும் கையெழுத்துப் போட்டு, கட்டுகளுக்கு முத்திரை வைத்தோம். எங்கள் பூத்தில் எஸ்பிடி முதலிடம், பசுமைக் கட்சி நெருங்கி வந்திருந்தது. இதை வைத்து எங்கள் தெருவை அளந்துவிட முடியாது. தபால் ஓட்டுகளை வேறிடத்தில் வேறு குழுக்கள் எண்ணுகின்றன.

மாநில அளவில் சிடியு 35.7 சதவீதம், எஸ்பிடி 26.7, பசுமைக் கட்சி 18.2, தாராளவாதக் கட்சியான எஃப்டிபி 5.9, தீவிர வலதுசாரிக் கட்சியான ஏஎஃப்டி 5.4. எஸ்பிடிக்கு இந்த மாநிலத்தில் அதுவரை இல்லாத அளவு மோசமான தோல்வி. பசுமைக் கட்சி 2017இல் வாங்கிய 6.4ஐ ஏறக்குறைய மூன்று மடங்காக்கியது. சிடியுவோடு ஆட்சியில் இருந்த எஃப்டிபி பாதிக்கு மேல் இழந்தது. இடதுசாரிக் கட்சி 2.1 சதவீதத்தோடு வெளியே நின்றது. சட்டமன்றத்துக்கு அடிப்படை இடங்கள் 181. அந்த முறை 195 ஆனது. 128 தொகுதிகளில் 76ஐச் சிடியு நேரடியாகவே ஜெயித்து, தன் பங்குக்கு மேல் போய்விட்டது. கணக்கைச் சமன் செய்ய மற்ற கட்சிகளுக்குக் கூடுதல் இடம் தர வேண்டியதாயிற்று. எஸ்பிடிக்கு 56, பசுமைக் கட்சிக்கு 39, மற்ற இரண்டுக்கும் தலா 12.

பெரும்பான்மைக்கு 98 வேண்டும். எஸ்பிடி, பசுமைக் கட்சி, எஃப்டிபி மூன்றும் சேர்ந்தால் 107, தாராளமாகப் போதும். எஃப்டிபி அதற்கு வரவில்லை. சிடியுவும் பசுமைக் கட்சியும் பேசி முடித்து, இந்த மாநிலத்தில் முதல் முறையாகக் கூட்டணி அமைத்தன. ஜூன் 28 அன்று மாநிலத் தலைநகர் டுசெல்டார்ஃபில் சிடியுவின் ஹென்ட்ரிக் வூஸ்ட் மீண்டும் முதல்வரானார். பசுமைக் கட்சியின் மோனா நாய்பாவர் துணை முதல்வர். எங்கள் பூத்தில் முதலிடம் பிடித்த கட்சி எதிர்க்கட்சி வரிசையிலேயே உட்கார்ந்தது.