பொது அடைவில் நிறுவ மறுத்த கருவி

எங்கள் துறையின் பொது சர்வருக்கு நான் நிர்வாகி. ஒரு கருவியை அதில் நிறுவ மறுத்ததைப் பற்றி எனக்குப் பெரிய உறுத்தல் இல்லை. மறுத்தபின் ஒரு கேள்விக்கு நான் சொன்ன பதில்தான் உறுத்துகிறது. இரண்டு பட்டியல்களை ஊர்ப்பெயரை வைத்து இணைக்கும் சிறு கட்டளைவரிக் கருவி அது. தர்மபுரி மாவட்டத் தரவுகளோடு வேலை செய்த ஆய்வு மாணவி, எல்லோருக்கும் பயன்படும்படி அதை யூஎஸ்ஆர் லோக்கல் என்ற பொது அடைவில் (கோப்புறையில்) போட்டுத் தரக் கேட்டார். கருவியோடு வரும் சோதனைகளை இயக்கும் மேக் செக் கட்டளையை ஓட்டியபோது ஒரே ஒரு சோதனை தோற்றது.

“எல்சி_ஆல்-ஐ சி-ன்னு வச்சு ஓட்டினா அதுவும் பாஸ் ஆயிடுது சார்” என்றார்.

அது உண்மை, என் தயக்கத்துக்குக் காரணமும் அதுவே. எல்சி_ஆல் என்பது லொகேலை, அதாவது மொழியையும் அகரவரிசையையும் தீர்மானிக்கும் அமைப்பை, மாற்றும் மாறி. எங்கள் சர்வரின் இயல்பான லொகேல் தமிழ். சி லொகேலிலோ எழுத்துகள் யூனிகோட் எண் வரிசைப்படி அடுக்கப்படும். அந்த வரிசையில் ‘ன’ என்பது ‘ந’வுக்கு அடுத்து நிற்கிறது, நம் நெடுங்கணக்கில் அது கடைசி மெய். ஆகவே சி-யில் பென்னாகரம் முதலிலும் பெரும்பாலை பின்னாலும் வரும்; தமிழ் லொகேலில் பெரும்பாலை முந்திவிடும். இரண்டு பட்டியல்களும் ஒரே வரிசையில் இருக்கும் என்று நம்பித்தான் கருவி இணைக்கிறது. ஒரு பட்டியலை சி வரிசையிலும் மற்றதைத் தமிழ் வரிசையிலும் அடுக்கிக் கருவியிடம் கொடுத்துப் பார்த்தேன். வெளியீட்டில் பெரும்பாலை இருந்தது, பென்னாகரம் இல்லை, பிழைச்செய்தியும் இல்லை. இதே வேலையைச் செய்யும் குனு ஜாயின் என்ற பழகிய கட்டளையிலும் இதே ஆபத்து உண்டு என்றாலும், வரிசை பிசகியிருந்தால் அது பெரும்பாலும் எச்சரிக்கவாவது செய்யும்.

பொது அடைவில் இருப்பதை நிர்வாகி சரிபார்த்திருப்பார் என்று நம்பித்தான் மற்றவர்கள் பயன்படுத்துகிறார்கள். அந்த நம்பிக்கையின் பேரில் ஓர் ஊர் சத்தமில்லாமல் காணாமல் போவதற்கு நான் துணைபோக முடியாது. பிரிஃபிக்ஸை (நிறுவும் இடத்தைக் குறிக்கும் அமைப்பை) மாற்றி உங்கள் ஹோம் அடைவிலேயே நிறுவிக்கொள்ளுங்கள் என்றேன்.

“அங்க போட்டா, தப்பு வந்தா அது என்னோட மட்டும் போயிடுமா சார்?”

“ஆமாம்மா” என்றேன்.

அனுமதிகளைப் பொறுத்தவரை அந்தப் பதிலில் பிழையில்லை, ஏனென்றால் ரூட் (நிர்வாகி) உரிமை இல்லாத ஒருவர் தம் அடைவில் நிறுவும் எதுவும் மற்றவர்களின் பாத்தில் (கட்டளைகளைத் தேடும் அடைவுகளின் பட்டியலில்) தானாக நுழைவதில்லை. ஆனால் அவருடைய அடைவு மற்றவர்கள் படிக்கவும் இயக்கவும் திறந்திருந்தது. துறையில் பலர் அவர் அடைவையே தங்கள் பாத்தில் சேர்த்துக்கொண்டு, தோற்ற சோதனையைப் பற்றி எதுவும் தெரியாமல் அதே கருவியை ஓட்டினார்கள். நான் பொதுவில் நிறுவியிருந்தால், உள்ளீட்டைத் தானே சி வரிசையில் அடுக்கிக்கொள்ளும் உறை ஸ்கிரிப்ட் ஒன்றைச் சேர்த்திருக்கலாம். பிழையை எல்லோருக்குமாக ஒரே இடத்தில் தடுத்திருக்கலாம். அப்படி நினைக்கும்போதே மறுபக்கமும் தோன்றுகிறது: தோற்ற சோதனையை ஸ்கிரிப்டால் மூடிப் பொதுவில் வைக்கும் வழக்கத்தை ஒருமுறை தொடங்கிவிட்டால், அடுத்தவர் கேட்கும்போது எந்த முகத்தோடு மறுப்பேன்?

மறுத்தது சரி என்றே இன்றும் சொல்வேன். பொறுப்பு அவருடையது மட்டும் என்று சொல்லிவிட்டு நான் விலகிக்கொண்டதை அந்த அளவு உறுதியோடு சொல்ல முடியவில்லை. இப்போது அந்தக் கருவியின் புதிய பதிப்பைக் கேட்டு இன்னொருவர் எழுதியிருக்கிறார். தொகுத்துப் பார்த்துவிட்டேன், அதே சோதனை இன்னும் தோற்கிறது. இம்முறை அந்த விவரத்தைத் துறை முழுவதற்கும் அனுப்பியிருக்கிறேன். எந்த அடைவில் நிறுவுவது என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை.