கோல் இறங்கும் ஆழம்

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், சின்சினாட்டி நகரிலிருந்து தென்மேற்கே காரில் சென்றால், மரங்கள் அடர்ந்த மேடுகளுக்கு நடுவே பிரண்ட்ஷிப் என்ற சிற்றூர் வருகிறது. குழலின் வாய்வழியே வெடிமருந்தும் குண்டும் கெட்டிக்கும் பழைய பாணித் துப்பாக்கிகளுக்காக 1933இல் தொடங்கப்பட்ட நேஷனல் மஸில் லோடிங் ரைஃபிள் அசோசியேஷனின் சுடுதளம் இங்கேதான் இருக்கிறது. செப்டம்பரில் நடக்கும் போட்டி நாட்களில் போய்ச் சேர்ந்தேன். காரை விட்டு இறங்கியதுமே கந்தக வாடை மூக்கில் ஏறியது.

முதல் நாள் காலை முழுவதும் பழைய துப்பாக்கிகள் விற்கும் கூடாரங்களிலேயே கழிந்தது. அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, 1898இலோ அதற்கு முன்போ செய்யப்பட்டவை பழம்பொருள்களாகவே கருதப்படுவதால், இங்கே அவற்றை மேசை மீது பரப்பி வைத்து விற்கிறார்கள். என் கண் ஒரு நீண்ட ரைஃபிளில் நின்றது. 18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள், தங்கள் நாட்டு வேட்டைத் துப்பாக்கியின் குட்டையான, அகன்ற குழலை ஒரு மீட்டருக்கும் மேல் நீட்டி, துளையைச் சிறிதாக்கி, ஈயத்தையும் மருந்தையும் மிச்சப்படுத்திய வகை அது. வரிவரியான மேப்பிள் மரத்தில் பின்கட்டை. அதன் பக்கவாட்டில் பித்தளை மூடியிட்ட சிறு பெட்டி. தீக்கல்லின் பொறியால் வெடித்துக்கொண்டிருந்ததைப் பிற்காலத்தில் யாரோ, அடித்ததும் தீப்பற்றும் சிறு உலோக வெடிமூடிக்கு மாற்றியிருந்தார்கள். அப்படி மாற்றியதை மறுபடியும் தீக்கல் முறைக்குத் திருப்பி, 'அசல்' என்று விற்பவர்களும் உண்டு என்பதால், இந்த ஒளிவுமறைவற்ற மாற்றமே எனக்குப் பிடித்திருந்தது.

விலையைக் கேட்க வாயெடுத்தேன். விற்றவர் அதற்குள் கெட்டிக்கும் கோலைக் குழலுக்குள் இறக்கி, வாயருகே கோலில் ஒரு கோடு கிழித்து, வெளியே எடுத்துக் குழலின் மேல் நீளவாக்கில் வைத்துக் காட்டினார். நுனி, மருந்துக்குத் தீ செல்லும் துளையை எட்டவில்லை. ஏறக்குறைய இரண்டு விரற்கடை குறைந்தது. கடைசியாகக் கெட்டித்தவர் சுடாமலேயே வைத்துவிட்ட துப்பாக்கி! ஈரம் படாமல் அடைபட்டுக் கிடந்த கருமருந்து எத்தனை தலைமுறை கழிந்தாலும் வெடிக்கும். துப்பாக்கியை மேசையிலிருந்து அப்புறப்படுத்தி, குழலிலிருந்து குண்டை எடுத்த பிறகே விலை பேசலாம் என்றார் அவர். எனக்கும் பேசத் தோன்றவில்லை.

பிற்பகலில் மூத்த உறுப்பினர் ஒருவர், இன்றைய கைவினைஞர் செய்த தீக்கல் ரைஃபிளை என்னிடம் தந்தார். குழலின் துளை அரை அங்குலம். மருந்தை அது வைத்திருக்கும் கொம்பிலிருந்து நேராகக் குழலில் கொட்டக் கூடாது, அளவுக்குழாயில் எடுத்துத்தான் ஊற்ற வேண்டும் என்பதை மூன்று முறை சொன்னார். குழலுக்குள் கனல் துணுக்கு மிஞ்சியிருந்தால் கொம்பு முழுவதும் கையிலேயே வெடித்துவிடும். 70 கிரெய்ன், அதாவது நாலரை கிராம் மருந்து. அதன் மேல் கொழுப்புத் தடவிய பருத்தித் துணி, அதில் பொதிந்த 0.490 அங்குல ஈயக் குண்டு. குண்டு துளையைவிடச் சிறியது. இடைவெளியை நிரப்பி, குழலின் முறுக்குப் பள்ளங்களைப் பற்றிக்கொண்டு குண்டைச் சுழல வைப்பது அந்தத் துணிதான்.

கோலை நுனியில் பிடித்து ஓங்கி அழுத்தினால் மரம் முறிந்து உள்ளங்கையைத் துளைக்கும் என்பதால், குழல் வாய்க்குச் சற்று மேலே பிடித்து, சாண் சாணாகத் தள்ள வேண்டும். இந்தக் கோலிலும் ஒரு கோடு இருந்தது. அது குழல் வாயோடு ஒன்றினால்தான் குண்டு மருந்தின் மேல் அமர்ந்ததாகப் பொருள். நடுவில் வெற்றிடம் விட்டால் குழல் உப்பும், வெடிக்கவும் கூடும்.

தீ செல்லும் துளையருகே உள்ள சிறு கிண்ணத்தில் பொடிமருந்து இட்டு, தீக்கல்லைப் பிடித்திருக்கும் குதிரையை முழுவதுமாக இழுத்து, விசையை அழுத்தினேன். கிண்ணத்தில் குப்பென்று தீ எழுந்தது. குழல் வாய் திறக்கவில்லை. துப்பாக்கியை இலக்கின் பக்கமே நீட்டியபடி ஒரு நிமிடம் அசையாமல் நின்றேன். அவ்வளவு நீண்ட நிமிடத்தை அதற்கு முன் கண்டதில்லை. தீ செல்லும் துளையை ஊசியால் குத்திச் சுத்தம் செய்து மறுபடி கிண்ணத்தில் மருந்திட்டதும், இடி போல வெடித்துப் புகை முன்னால் திரையிட்டது. குண்டு எங்கே போனது என்பது புகை கலைந்த பிறகுதான் தெரிந்தது: இலக்குத் தாளின் கீழோரம்.

அவர் தாளைப் பார்க்கவேயில்லை. முன்னே புல்லில் விழுந்த துணியைப் பொறுக்கி வரச் சொன்னார். நடுவில் எரிந்து ஓட்டை விழுந்திருந்தால் துணி மெலிது அல்லது கொழுப்புப் போதவில்லை. கீறியிருந்தால் பள்ளங்களின் விளிம்பு கூர்மையாக உள்ளது. என்னுடையதில் ஓரம் மட்டும் கருகிப் பிசிறியிருந்தது, நடுவில் கரி வட்டம் முழுதாக இருந்தது. துப்பாக்கி சரியாகத்தான் சுட்டிருக்கிறது என்றார். கீழோரத்துக்குக் காரணம் நான்.

மாலையில் சோப்பு கரைத்த வெந்நீரால் குழலைக் கழுவினோம்; கருமருந்தின் எச்சம் ஈரத்தை உறிஞ்சி, விட்டுவைத்தால் இரும்பை அரித்துவிடும். கழுவிய நீர் கறுத்து, அழுகிய முட்டை போல நாறியது. எண்ணெய் தடவி முடித்ததும், ரைஃபிளை உறையில் இடுமுன் அவர் கோலை வெற்றுக் குழலில் இறக்கினார். கோடு வாய்க்குக் கீழே மறைந்தது.