சேரின் இருமல்

மாசி மாத விடிகாலை ஒன்றில், எங்கள் பிரிவு வட்சப் குழுவில் அந்தச் செய்தி கிடந்தது. உயிரியல் சேர் போய்விட்டார். கடைசி நாள்களில் படுத்து நித்திரை கொள்ள முடியாமல் கதிரையிலேயே இருந்தாராம்.

1996 சண்டையில் கிளிநொச்சியை விட்டு வந்து, ஸ்கந்தபுரத்தில் மரத்தடியில் படித்தவர்களுக்கு நான் எதையும் விளக்கத் தேவையில்லை. நுணுக்குக்காட்டியை உரப்பையில் சுற்றி, சைக்கிள் கரியரில் கட்டிக் கொண்டுவந்தவர் அவர். அடியிலிருக்கும் கண்ணாடியைத் திருப்பித் திருப்பி, இலைகளுக்கிடையால் விழும் வெயிலைப் பிடிப்பார். ஈர்க்கு நுனியில் அக்கராயன் குளத்துத் தண்ணீர் ஒரு துளி. "வடிவாப் பார் தம்பி, ஓடுது." செருப்பின் அடிபோல ஒரு பரமீசியம் ஓடியது.

நான் முன்வாங்கில் இருந்தவன். சேருக்குச் சயரோகம் என்று யாரோ அம்மாவிடம் சொல்ல, மறுநாள் ஒரு சொல்லும் சொல்லாமல் கொப்பிகளைத் தூக்கிக்கொண்டு பின்வாங்குக்குப் போனேன். சேர் கண்டார். பாடம் முடிந்ததும் பக்கத்தில் வந்து, மெதுவாகச் சொன்னார்: "சயம் எப்பவோ மாறீட்டுது. இது அது விட்ட தழும்பு. ஒட்டாது, பயப்படாதை." நான் தலை நிமிரவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

நான் செய்த கலாநிதி ஆய்வு அந்தத் தழும்பைப் பற்றியதுதான். சயம் மாறிய பிறகும் சிலருக்கு மூச்சுக்குழாய்கள் அகன்று தளர்ந்துவிடும். அங்கே தேங்கும் சளியில் சூடோமோனாஸ் எருஜினோசா என்ற பற்றீரியா குடியேறும். தன்னைச் சுற்றி வழுவழுப்பான ஒரு படலத்தைக் கட்டிக்கொண்டால், அன்ரிபயோட்டிக் எவ்வளவு கொடுத்தாலும் முற்றாக அழியாது. சேரின் லேஞ்சியில் நாங்கள் கண்ட பச்சைச் சளி எனக்கு அப்போது விளங்கவில்லை.

இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. பற்றீரியாவை அழிக்கும் வைரசுக்கு 1917 இல் பாரிசில் பீலிக்ஸ் டெரெல் பாக்டீரியோபேஜ் என்று பெயர் வைத்தார்; சுருக்கமாகப் பேஜ். அது எங்கும் கிடைக்கும், சாக்கடையில்தான் கூடுதல். கழிவுநீரை வடிகட்டி, பற்றீரியா பூசிய பெத்திரிக் கிண்ணத்தில் விட்டு, 37 பாகையில் ஓர் இரவு வைக்க வேண்டும். காலையில், மங்கிய படலத்தில் ஊசி குத்தியதுபோலத் தெளிந்த வட்டங்கள்: பேஜ் பற்றீரியாவை அழித்த இடங்கள். முதல் வட்டத்தைக் கண்ட அன்று கிண்ணத்தை யன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பிடித்தேன். சேரின் கை ஞாபகம் வந்தது.

ஆனால் ஒருவரின் கிருமியை அழிக்கும் பேஜ் இன்னொருவரின் கிருமியைத் தொடாமலே விடலாம். ஆளுக்கு ஆள் தேட வேண்டும். பெரும்பாலான நாடுகளில் இது இன்னும் கடையில் வாங்கும் மருந்தாகாததற்கு அதுவும் ஒரு காரணம்.

சேரோடு கடைசியாகப் பேசியபோது லண்டன் பிள்ளையின் கதையைச் சொன்னேன். நுரையீரல் மாற்றிய அந்தப் பிள்ளை மூன்று பேஜ்களின் கலவையால் தேறியது 2019 இல் வெளிவந்தது. அதில் ஒன்று தென்னாபிரிக்காவில் அழுகிய கத்தரிக்காயில் எடுத்தது.

"கத்தரிக்காயோ!" என்று சிரித்தவருக்கு இருமல் வந்துவிட்டது. வெகுநேரம் இருமினார். நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மூச்சு திரும்பியதும் கேட்டார்: "எங்கட குளத்துத் தண்ணியிலை தேடிப் பாத்தியோ?"

"இல்லை சேர். அடுத்த லீவுக்கு வந்து எடுக்கிறன்."

"வா. போத்தல் கழுவி வைக்கிறன்."

பிறகு இரண்டு லீவு வந்தது. நான் போகவில்லை.